ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி தரவைச் சிமுலேட்டருக்குத் தயாராக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டின் (கோர்) சோதனை அறிக்கை ஆய்வகத்திலிருந்து வந்ததும், புதிதாகச் சேர்ந்த பொறியாளர் எண்களை எக்செலில் கொட்டி வளைகோடு பொருத்த உட்கார்ந்துவிடுகிறார். கோடும் அழகாகப் பொருந்திவிடுகிறது. பிறகு, நிலத்தடி எண்ணெய்த் தேக்கத்தின் ஓட்டத்தைக் கணினியில் கணிக்கும் சிமுலேட்டரில் தண்ணீர் வந்துசேரும் காலம் கிணற்றோடு ஒத்துப்போகாதபோது, வளைவின் வடிவத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார். பெரும்பாலும் கோளாறு வடிவத்தில் இருப்பதில்லை. வளைவின் இரண்டு முனைகளிலும், அந்த எண்களை எதனால் வகுத்தார்கள் என்பதிலும்தான் இருக்கிறது.

அதனால் இங்கே வேலையின் வரிசை இதுதான்: முதலில் அடிப்படை, அடுத்து முனைகள், அதன் பிறகே வடிவம். இந்த வரிசையை மாற்றினால் பின்னால் செய்ததெல்லாம் மறுபடி செய்ய வேண்டிவரும்.

சில சொற்களை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். பாறை திரவத்தைத் தன் வழியே விடும் திறன் ஊடுருவுதிறன். எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அதில் எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதே ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி; அதை இனி ‘சார்பு ஊடுருவுதிறன்’ என்று எழுதுகிறேன். பாறையின் துளைவெளியில் நீர் பிடித்திருக்கும் பங்கு ‘நீர்ப்பங்கு’. எண்ணெய் எவ்வளவு தள்ளினாலும் வெளியேறாத நீர் ‘அசையா நீர்’. நீர் எவ்வளவு தள்ளினாலும் வெளியேறாத எண்ணெய் ‘எஞ்சிய எண்ணெய்’.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அறிக்கையின் சுருக்க அட்டவணை போதாது. கோரிலிருந்து வெட்டிய ஒவ்வொரு சிறு உருளைக்கும் (பிளக்) நேரவாரியான ஓட்ட வேகம், அழுத்த வேறுபாடு, வெளிவந்த எண்ணெய் அளவு ஆகிய மூலப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் ஒரு சோதனையை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்க வழியில்லை.

கூடவே வேண்டியவை: அதே பிளக்குகளின் காற்று ஊடுருவுதிறன், உப்புநீர் ஊடுருவுதிறன், புரைமை (துளைவெளியின் பங்கு), ஆய்வகத்தில் பயன்படுத்திய திரவங்களின் பாகுநிலை, தேக்கத்தின் வெப்பநிலையில் உண்மையான எண்ணெய், நீரின் பாகுநிலை, நுண்புழை அழுத்த (துளைகளில் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு) வளைவுகள், கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த பதிவான லாக் காட்டும் நீர்ப்பங்கு.

இன்னொன்றைப் பலர் கேட்பதே இல்லை. புவியியல் மாதிரியில் உள்ள ஊடுருவுதிறன் எங்கிருந்து வந்தது? காற்றில் அளந்ததா, உப்புநீரில் அளந்ததா? நில அழுத்தத்துக்குத் திருத்தியதா? இதற்கான பதில் இரண்டாம் படியில் தேவைப்படும்.

1. சோதனைகளை வகை பிரித்து ஒரே பட்டியலில் எழுதுங்கள்

ஒவ்வொரு பிளக்கும் எந்த முறையில் சோதிக்கப்பட்டது என்று குறியுங்கள். முறைக்கு முறை நம்பத்தக்க பகுதி வேறுபடும்.

நிலைநிலை (ஸ்டெடி-ஸ்டேட்) முறையில் எண்ணெயும் நீரும் குறித்த விகிதத்தில் சேர்ந்தே செலுத்தப்படுகின்றன. அழுத்தம் நிலைத்த பிறகு அளவு எடுக்கப்படும். மெதுவான முறை, ஆனால் வளைவின் நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல தரவு கிடைப்பது அரிது.

நிலையற்ற முறையில் நீர் மட்டும் எண்ணெயைத் தள்ளும். 1959-இல் ஜான்சன், பாஸ்லர், நாமன் மூவரும் கொடுத்த ஜேபிஎன் கணக்கு இதற்குத்தான். நீர் மறுமுனையில் வெளிவந்த பிறகுள்ள தரவை மட்டுமே அது பயன்படுத்தும். ஆகவே அசையா நீருக்கும் நீர்முகத்தின் (எண்ணெயைத் தள்ளிவரும் நீரின் முன்விளிம்பு) நீர்ப்பங்குக்கும் நடுவே ஒரு புள்ளிகூட இருக்காது. அந்த இடைவெளியில் கோடு போட்டிருந்தால், அது அளந்தது அல்ல.

மையவிலக்கு முறை வெளியேறும் திரவத்தின் சார்பு ஊடுருவுதிறனை மட்டும் தரும். எண்ணெய் வளைவின் கடைசி வால்பகுதிக்கு இது சிறந்தது. மூன்றும் கிடைத்தால் நடுவுக்கு நிலைநிலை, வாலுக்கு மையவிலக்கு, ஒப்பிட்டுப் பார்க்க நிலையற்ற முறை என்று பிரித்துப் பயன்படுத்துங்கள்.

பட்டியலில் கோரின் நனைதன்மை (பாறைச்சுவரில் ஒட்டுவது நீரா, எண்ணெயா என்பது) நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரைப்பான் கொண்டு கழுவிய கோரை, தேக்கத்து எண்ணெயில் அதன் வெப்பநிலையிலேயே சில வாரங்கள் ஊறவைத்து நனைதன்மையை மீட்டார்களா? கழுவியபடியே சோதித்திருந்தால் பாறை உள்ளதைவிட நீர்விருப்பமாகத் தெரியும். அந்த வளைவு களத்துக்கு மிக நல்ல செய்தியாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

2. எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்கு மாற்றுங்கள்

இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சார்பு ஊடுருவுதிறன் என்பது ஒரு விகிதம். கீழே எந்த எண் நிற்கிறது என்று தெரியாமல் மேலுள்ள எண்ணுக்குப் பொருளில்லை.

விளக்கத்துக்காக ஒரு பிளக்கை எடுத்துக்கொள்வோம். காற்று ஊடுருவுதிறன் 250 மில்லிடார்சி (ஊடுருவுதிறனின் அலகு), உப்புநீரில் 200, அசையா நீர் இருக்கும்போது எண்ணெய்க்கு 160, எஞ்சிய எண்ணெய் இருக்கும்போது நீருக்கு 48.

நீரின் முனை மதிப்பு, அதாவது எஞ்சிய எண்ணெய் மட்டும் இருக்கும் புள்ளியில் நீரின் சார்பு ஊடுருவுதிறன், என்ன? காற்றால் வகுத்தால் 0.192. உப்புநீரால் வகுத்தால் 0.24. அசையா நீரிலுள்ள எண்ணெய் ஊடுருவுதிறனால் வகுத்தால் 0.30. மூன்றும் சரிதான். ஆனால் ஒரு ஆய்வகம் முதலாவதையும் இன்னொன்று மூன்றாவதையும் அச்சிட்டிருந்தால், ஒரே பாறை இரண்டு பாறைகளாகத் தெரியும்.

எந்த அடிப்படையைத் தேர்ந்தாலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. எண்ணெய்க்கும் நீருக்கும் அதே அடிப்படை வேண்டும். புவியியல் மாதிரியிலுள்ள ஊடுருவுதிறனும் அதே வகையாக இருக்க வேண்டும். மாதிரியில் காற்று ஊடுருவுதிறன் இருந்தால், மேற்படி பிளக்குக்கு எண்ணெய் முனை 160 ÷ 250 = 0.64, நீர் முனை 0.192. எண்ணெய் ஊடுருவுதிறனை மாதிரியில் வைத்தால் முனைகள் 1 மற்றும் 0.30. இரண்டிலும் நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலான விகிதம் ஒன்றே. எண்ணெய்க்கு 1 என்றும் நீருக்கு 0.192 என்றும் கலந்தால்தான் விபரீதம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை எட்டாம் படியில் எண்ணாகவே பார்ப்போம்.

இறுக்கமான பாறைகளில் காற்று ஊடுருவுதிறனுக்கு கிளிங்கன்பர்க் திருத்தம் செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் வாயு துளைச்சுவரில் வழுக்கிச் செல்வதால் அளவு கூடுதலாக வரும்.

3. தள்ள வேண்டிய சோதனைகளைத் தள்ளுங்கள்

பொருத்துவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பொருத்திய பிறகு எந்தப் பிளக்கையும் தள்ள மனம் வராது.

முதலில் பொருள்சமன்பாடு. வெளிவந்த எண்ணெயை வைத்துக் கணித்த கடைசி நீர்ப்பங்கும், சோதனை முடிந்து கோரைப் பிரித்தெடுத்து டீன்-ஸ்டார்க் முறையில் (கரைப்பானைக் கொதிக்கவைத்து நீரை வடித்தெடுத்து) அளந்ததும் ஒத்துவர வேண்டும். பெரிதாக விலகினால் அந்தப் பிளக்கின் கிடைமட்ட அச்சு முழுவதுமே சந்தேகத்துக்குரியது.

அடுத்து முனைவிளைவு. கோரின் வெளிமுனையில் நுண்புழை விசை திரவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளக் சில அங்குல நீளமே இருப்பதால் அந்தப் பிடிப்பு மொத்தக் கணக்கையும் குலைத்துவிடும்; எஞ்சிய எண்ணெய் உள்ளதைவிட அதிகமாகவும் நீரின் முனை மதிப்பு குறைவாகவும் தெரியும். சோதனையின் இறுதியில் ஓட்ட வேகத்தைப் பலமடங்கு கூட்டியிருப்பார்கள். அப்போது கணிசமாகக் கூடுதல் எண்ணெய் வந்திருந்தால், முந்தைய அளவுகளில் முனைவிளைவு இருந்தது என்று பொருள். ஜேபிஎன் கணக்கு நுண்புழை அழுத்தத்தை அடியோடு ஒதுக்கிவிடுவதால் இங்கே உதவாது. நுண்புழை அழுத்தத்தையும் சேர்த்து அந்தச் சோதனையையே ஒரு சிறு சிமுலேஷனாக ஓட்டி, அழுத்தத்தையும் உற்பத்தியையும் பொருத்தித்தான் வளைவை மீட்க வேண்டும்.

கடைசியாக, 1971-இல் கிரெய்க் தொகுத்த எளிய அளவுகோல்கள். நீர்விருப்பப் பாறையில் நீரின் முனை மதிப்பு பொதுவாக 0.3-க்குக் கீழே இருக்கும். இரண்டு வளைவுகளும் 0.5-க்கு மேற்பட்ட நீர்ப்பங்கில் வெட்டிக்கொள்ளும். எண்ணெய்விருப்பப் பாறையில் நீர்முனை 0.5-ஐத் தாண்டும், வெட்டுப்புள்ளி 0.5-க்குக் கீழே போகும். இந்த எண்கள் அசையா நீரிலுள்ள எண்ணெய் ஊடுருவுதிறனை அடிப்படையாகக் கொண்டவை. காற்றால் வகுத்த தரவை இதனோடு ஒப்பிட்டால் எல்லாப் பாறையும் நீர்விருப்பமாகவே தெரியும். இரண்டாம் படியை முன்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

4. அசையா நீரை நிறுவுங்கள்

அசையா நீரைச் சார்பு ஊடுருவுதிறன் சோதனையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பாகுநிலை மிக்க எண்ணெயைச் செலுத்தி நீரை வெளியேற்றும் முறையில், தேக்கத்தின் உயரமான பகுதியிலுள்ள நுண்புழை அழுத்தம் எட்டப்படாமலே போகலாம். கோரில் நீர் அதிகமாக நின்றுவிடும்.

எண்ணெய்க்கு அடியிலுள்ள நீரின் மட்டத்துக்கு வெகு மேலேயுள்ள லாக் நீர்ப்பங்கையும் நுண்புழை அழுத்த வளைவின் கடைசி மதிப்பையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். அசையா நீரை ஊடுருவுதிறனுக்கு எதிரே மடக்கை அச்சில் வரைந்தால், ஊடுருவுதிறன் குறையக் குறைய அசையா நீர் கூடும் ஒரு போக்கு தெரியும். அந்தப் போக்கைத்தான் அடுத்த படிகளில் பயன்படுத்தப் போகிறோம்.

5. எஞ்சிய எண்ணெயை நிறுவுங்கள்

ஆய்வகம் தரும் எஞ்சிய எண்ணெய் என்பது, சோதனையை நிறுத்தியபோது உள்ளே இருந்த எண்ணெய். அது உண்மையான எல்லையாக இருக்க வேண்டியதில்லை.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. எஞ்சிய எண்ணெய்க்கு மூன்று நான்கு மதிப்புகளை ஊகித்துக்கொள்ளுங்கள், 0.15, 0.20, 0.25, 0.30 என்று. ஒவ்வொன்றுக்கும் இயல்பாக்கிய (அசையும் பகுதியை மட்டும் 0 முதல் 1 வரை அளவிட்ட) எண்ணெய்ப் பங்கைக் கணியுங்கள்:

இயல்பாக்கிய எண்ணெய்ப் பங்கு = (1 − நீர்ப்பங்கு − எஞ்சிய எண்ணெய்) ÷ (1 − அசையா நீர் − எஞ்சிய எண்ணெய்)

இதற்கு எதிரே எண்ணெயின் சார்பு ஊடுருவுதிறனை, இரண்டு அச்சும் மடக்கையாக வரையுங்கள். ஊகித்த மதிப்பு மிக அதிகமானால், கடைசிப் புள்ளிகள் நேர்கோட்டுக்கு மேலே எழும். மிகக் குறைவானால் கீழே வளைந்து விழும். நேர்கோடாக நிற்பதே உங்கள் எஞ்சிய எண்ணெய். அதன் சாய்வு எண்ணெயின் கோரி அடுக்கெண் (வளைவு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண், ஆறாம் படியில் வரும்); ஒரே வேலையில் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. முனைவிளைவு இருக்கும் தரவில் கடைசிப் புள்ளிகள் பொய் சொல்லும் என்பதால், மூன்றாம் படியைத் தாண்டி வந்த பிளக்குகளில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

களத்தில் ஒரு கிணற்றின் ஆயுளுக்குள் துளைவெளியின் கொள்ளளவைப்போல ஓரிரு மடங்கு நீர்தான் பாறை வழியே போகும். ஆய்வகத்தில் பல நூறு மடங்கு போகலாம். ஆகவே எஞ்சிய எண்ணெயின் மதிப்பைவிட, அதை நெருங்கும் வால்பகுதியின் சாய்வுதான் வருவாயைத் தீர்மானிக்கிறது. ‘எஞ்சிய எண்ணெய் 0.15 ஆகக் குறைந்துவிட்டதே’ என்று மகிழ்வதற்கு முன் அடுக்கெண்ணைப் பாருங்கள். 5, 6 என்று இருந்தால் அந்த எண்ணெய் வரும், ஆனால் உங்கள் காலத்தில் வராது.

6. இயல்பாக்கி, வடிவத்தைப் பொருத்துங்கள்

இப்போதுதான் வளைவுக்கு வருகிறோம்.

இயல்பாக்கிய நீர்ப்பங்கு = (நீர்ப்பங்கு − அசையா நீர்) ÷ (1 − அசையா நீர் − எஞ்சிய எண்ணெய்)

நீரின் சார்பு ஊடுருவுதிறன் = நீர்முனை × (இயல்பாக்கிய நீர்ப்பங்கு)^(நீரின் அடுக்கெண்). எண்ணெய்க்கு = எண்ணெய்முனை × (1 − இயல்பாக்கிய நீர்ப்பங்கு)^(எண்ணெயின் அடுக்கெண்). இதுவே கோரி வடிவம். நீர்விருப்பப் பாறையில் எண்ணெயின் அடுக்கெண் 2 முதல் 4, நீருக்கு 5 முதல் 8 என்ற வட்டத்தில் வருவது வழக்கம். எண்ணெய்விருப்பப் பாறையில் எண்ணெய்க்கு 6 முதல் 8, நீருக்கு 2 முதல் 3. உங்களுடையது தலைகீழாக வந்தால் முதல் மூன்று படிகளுக்குத் திரும்புங்கள்.

ஒரே அடுக்கெண்ணில் முழு வளைவும் அடங்காவிட்டால், 2005-இல் லோம்லாண்ட், எபெல்டாஃப்ட், தாமஸ் மூவரும் தந்த எல்இடி வடிவத்தைப் பயன்படுத்தலாம். அதில் வளைவின் தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுரு உண்டு. ஆனால் நிலையற்ற சோதனையின் ஐந்தாறு புள்ளிகளுக்கு அதைப் பொருத்தாதீர்கள். புள்ளிகளைவிட அளவுருக்கள் அதிகாரம் செலுத்த ஆரம்பித்துவிடும்.

7. சராசரி எடுக்கும் முறை

வளைவுகளை நேரடியாகச் சராசரி எடுக்கவே கூடாது. ஒரு பிளக்கில் அசையா நீர் 0.15, இன்னொன்றில் 0.30 என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பங்கு 0.25-இல் சராசரி எடுத்தால், முதல் பிளக்கில் நீர் நகர்கிறது. இரண்டாவதில் அப்படியொரு நிலையே கிடையாது. வரும் எண் எந்தப் பாறையையும் குறிக்காது.

பிளக்குகளைப் பாறை வகைப்படி பிரியுங்கள். ஒவ்வொரு வகைக்குள்ளும் அடுக்கெண்களைச் சராசரி எடுங்கள். முனை மதிப்புகளுக்கு ஊடுருவுதிறனோடு உள்ள போக்கைப் பயன்படுத்துங்கள். பிறகு அந்த வகையின் அசையா நீரையும் எஞ்சிய எண்ணெயையும் கொண்டு இயல்பாக்கலைத் திருப்பி எழுதுங்கள்.

நல்ல நிலை, மோசமான நிலை வளைவுகள் கேட்டால் ஒவ்வொரு அளவுருவையும் தனித்தனியே இழுக்காதீர்கள். நனைதன்மை மாறினால் அடுக்கெண்களும் நீர்முனையும் சேர்ந்தே மாறும். நீர்விருப்பப் பாறையின் நீர் அடுக்கெண்ணோடு எண்ணெய்விருப்பப் பாறையின் நீர்முனையைச் சேர்த்தால், இயற்கையில் இல்லாத ஒரு பாறையைச் செய்தவர்களாவோம்.

8. சிமுலேட்டருக்கு முன் ஓட்டப் பங்கைக் கணியுங்கள்

இதைக் கணக்கிட ஒரு தாள் போதும். ஆனாலும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பக்லி, லெவரெட் 1942-இல் தந்த கோட்பாடும் 1952-இல் வெல்ஜ் காட்டிய தொடுகோடும் உங்கள் வளைவின் உண்மையான விளைவைச் சொல்லிவிடும்.

ஓட்டத்தில் நீரின் விகிதம் = 1 ÷ [1 + (எண்ணெயின் சார்பு ஊடுருவுதிறன் ÷ நீரின் சார்பு ஊடுருவுதிறன்) × (நீரின் பாகுநிலை ÷ எண்ணெயின் பாகுநிலை)]

பெட்ரோலியப் பொறியாளர் சங்கத்தின் (எஸ்பிஇ) பெயரில் பொதுவெளியிலுள்ள எஸ்பிஇ 10 ஒப்பீட்டுத் திட்டத்தின் இரண்டாம் மாதிரியை எடுத்துக்கொள்வோம். 2001-இல் கிறிஸ்டி, பிளண்ட் வெளியிட்டது. வடகடலின் பிரெண்ட் பாறையடுக்குகளை ஒட்டி அமைத்தது. அதில் அசையா நீர் 0.2, எஞ்சிய எண்ணெய் 0.2, இரண்டு அடுக்கெண்ணும் 2, இரண்டு முனையும் 1. நீரின் பாகுநிலை 0.3 சென்டிபாய்ஸ், எண்ணெயுடையது சுமார் 3.

அசையா நீர்ப் புள்ளியிலிருந்து தொடுகோடு போட்டால் நீர்முகத்தின் நீர்ப்பங்கு 0.38 வருகிறது; அங்கே ஓட்டத்தில் நீர் 65 சதவீதம். ஒற்றைத் திசை ஓட்டத்தில் நீர் கிணற்றை எட்டும்போது இருந்த எண்ணெயில் சுமார் 35 சதவீதம் வெளிவந்திருக்கும்.

இப்போது நீர்முனையை மட்டும் 0.30 ஆக்குங்கள். நீர்முகம் 0.50, மீட்பு 50 சதவீதம். அதையே இரண்டாம் படியில் சொன்ன கலப்படத்தோடு, எண்ணெய்க்கு 1, நீருக்கு 0.192 என்று வைத்தால் 55 சதவீதம். அடுக்கெண் எதையும் தொடவில்லை, பாறையும் மாறவில்லை. வகுத்த எண் மாறியதால் மட்டும் ஐந்து சதவீத எண்ணெய் காகிதத்தில் பிறந்துவிட்டது.

பாகுநிலைக்குத் தேக்கத்தின் மதிப்பையே போடுங்கள். நிலையற்ற சோதனைக்கு ஆய்வகங்கள் வேண்டுமென்றே கெட்டியான எண்ணெயைப் பயன்படுத்துவதுண்டு, நீர் வெளிவந்த பிறகும் போதுமான புள்ளிகள் கிடைப்பதற்காக. அந்தப் பாகுநிலை இங்கே வந்துவிடக் கூடாது.

9. வாயு–எண்ணெய் தரவு

இந்தச் சோதனை அசையா நீர் உள்ள கோரில் செய்யப்படுவது. அறிக்கையில் கிடைமட்ட அச்சு வாயுப் பங்கா, மொத்தத் திரவப் பங்கா என்று பாருங்கள். திரவப் பங்கு என்றால் அதில் அசையா நீரும் அடங்கும். அதைக் கழிக்க மறந்தால் வளைவு முழுவதும் நகர்ந்துவிடும்.

வாயு இல்லாத புள்ளியில் எண்ணெயின் மதிப்பு, நீர்–எண்ணெய் அட்டவணையில் அசையா நீரில் உள்ள எண்ணெய் மதிப்போடு துல்லியமாக ஒன்றாக வேண்டும். இரண்டும் பாறையின் ஒரே நிலைதான். மூன்று திரவங்களும் சேர்ந்து ஓடும் இடத்துக்கு ஸ்டோனின் 1970, 1973 முறைகள் உண்டு. எதைத் தேர்ந்தீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். சிமுலேட்டரின் இயல்புநிலைத் தேர்வு வேறாக இருக்கலாம்.

10. அட்டவணையை எழுதுங்கள்

எக்லிப்ஸ் வகைச் சிமுலேட்டர்களில் நீர்–எண்ணெய்க்கு எஸ்டபிள்யூஓஎஃப், வாயு–எண்ணெய்க்கு எஸ்ஜிஓஎஃப் அட்டவணை. எழுதியதும் சரிபார்க்க வேண்டியவை:

நீர்ப்பங்கு ஏறுவரிசையில் இருக்க வேண்டும். முதல் வரியில் நீரின் மதிப்பு பூஜ்யம். எண்ணெயின் மதிப்பு எங்குமே ஏறக் கூடாது. வாயுவின் அதிகபட்சப் பங்கு, 1-இலிருந்து அசையா நீரைக் கழித்ததைத் தாண்டக் கூடாது.

வளைவின் தொடக்கத்தில் தசம இடங்களைக் குறைக்காதீர்கள். 0.0004 என்பதை 0.000 என்று எழுதினால், அந்த நீர்ப்பங்கு வரை நீர் நகரவே நகராது என்று சிமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க நாட்கள் போகும். இருபது முப்பது வரிகள் போதும்; முனைகளுக்கு அருகே மட்டும் நெருக்கமாக வையுங்கள்.

நுண்புழை அழுத்த நிரலும் இதே அட்டவணையில் இருப்பதால், அதன் அசையா நீரும் இதுவும் ஒன்றாக வேண்டும். புவியியல் மாதிரியில் ஒரு கட்டத்தின் (மாதிரியைப் பிரித்த சிறு பெட்டி) நீர்ப்பங்கு 0.15 என்றும் அட்டவணையின் தொடக்கம் 0.22 என்றும் இருந்தால், ஓட்டம் தொடங்கும் முன்பே எண்ணெய் இருப்புக் கணக்கு மாறிப்போகும். முனை அளவீட்டு (எண்ட்-பாயிண்ட் ஸ்கேலிங்) வசதியை இயக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் அசையா நீரைக் கொடுப்பதே முறையான தீர்வு. நான்காம் படியில் கண்ட போக்கு இங்கேதான் பயன்படும்.

11. உற்பத்தி வரலாற்றோடு பொருத்தும்போது

பெரிய கட்டங்களில் நீர்முகம் பரவிக் கலைவதால், கோர் வளைவை அப்படியே போட்டால் தண்ணீர் சீக்கிரம் வரும். இது வளைவின் குற்றம் அல்ல. ஒரு சிறு பகுதியை நுண்ணிய கட்டங்களில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்து, தேவையான அளவு மட்டும் திருத்துங்கள்.

முதலில் ஊடுருவுதிறனின் பரவலையும் பிளவுகளையும் எண்ணெயைச் சூழ்ந்த நீரடுக்கு தரும் அழுத்த ஆதரவையும் பாருங்கள். அதன் பிறகும் பொருந்தாவிட்டால் நீர்முனையைத் தொடலாம், அடுத்து எண்ணெயின் அடுக்கெண்ணை. எஞ்சிய எண்ணெயை அளந்த வரம்புக்குள் மட்டும் நகர்த்துங்கள். அசையா நீரைத் தொடாதீர்கள். அதைத் தொட்டால் இருப்பே மாறும்.

ஒரு கிணற்றுக்கு மட்டும் தனி வளைவு கொடுக்கும் ஆசை வரும். அந்தக் கிணறு வேறு பாறை வகையில் இருப்பதற்கு கோரிலோ லாக்கிலோ சான்று இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள அடுக்குகளைத் திரும்பப் பாருங்கள். மாற்றிய ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அது எந்தப் பிளக்கிலிருந்து, எந்த அடிப்படையில், எவ்வளவு நகர்த்தப்பட்டது என்று அட்டவணைக் கோப்பிலேயே குறிப்பு வரியாக எழுதிவையுங்கள். அடுத்து அந்த மாதிரியைத் திறப்பவருக்கு அறிக்கை கைக்குக் கிடைக்காமல் போகலாம். கோப்பு கட்டாயம் கிடைக்கும்.